‘கேஸ் மாத்திரை’ என்று ஒன்று கிடையாது

“ஒரு கேஸ் மாத்திரை குடுங்க” என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டால், குடியாத்தமானாலும் வேலூர் காந்தி ரோடானாலும் ஏதோ ஒன்று கைக்கு வந்துவிடும். வந்தது என்ன என்பதுதான் கேள்வி. வயிற்றில் இருக்கும் அமிலத்தை முறிப்பதாக இருக்கலாம். அமிலம் சுரப்பதையே அடைப்பதாக இருக்கலாம். இரைப்பையை விரட்டி வேலை வாங்குவதாகவோ, குடலின் இழுப்பைத் தளர்த்துவதாகவோகூட இருக்கலாம். நான்கும் நான்கு இடத்தில் கைவைப்பவை. எந்த மருந்து எங்கே கைவைக்கிறது என்று தெரிந்துகொண்டால், எப்போது விழுங்க வேண்டும், என்ன பக்கவிளைவு வரும் என்பதைப் பெரும்பாலும் நாமே ஊகித்துவிடலாம். இவற்றின் பக்கவிளைவுகள் பலவும் அதே வேலையை வேறு இடத்திலோ, வேண்டிய அளவுக்கு மேலோ செய்வதால் வருபவைதான்.

‘கேஸ்’ என்ற சொல்லும் ஒன்றைக் குறிப்பதில்லை. நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், எதுக்களிப்பு ஒரு வகை. வயிறு உப்புசம், வாய்வு இன்னொரு வகை. மூன்றாவது, ஆபத்தான வகை: நெஞ்சை அழுத்தும் பாரம், வியர்வை, இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி. அதற்கும் “கேஸ்தான்” என்று சோடா குடித்துக் காத்திருப்பவர்கள் உண்டு. நாற்பது வயதைத் தாண்டியவருக்கும், சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் உள்ளவருக்கும் அப்படி வந்தால் முதலில் ஈ.சி.ஜி. மாத்திரை அப்புறம்.

மூன்று சுவிட்ச், ஒரு மோட்டார்

இரைப்பை ஒரு நாளில் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை சாறு சுரக்கிறது. அதன் சுவரில் உள்ள அமிலச் செல்களைக் கிணற்றடி பம்பு செட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரைப் போட மூன்று சுவிட்ச்: நரம்பு வழியாக வரும் அசிட்டைல்கோலின், ரத்தத்தில் வரும் காஸ்ட்ரின், பக்கத்துச் செல் விடும் ஹிஸ்டமின். எந்தச் சுவிட்சைப் போட்டாலும் கடைசியில் ஓடுவது ஒரே மோட்டார்தான். அதற்குப் புரோட்டான் பம்பு என்று பெயர்.

ஆன்டாசிட் மருந்துகள் மோட்டாரைத் தொடுவதில்லை. ஏற்கெனவே கொட்டிய அமிலத்தை முறிக்கும், அவ்வளவுதான். டைஜீன், ஜெலுசில் போன்றவற்றில் பெரும்பாலும் அலுமினியம் ஹைட்ராக்சைடும் மெக்னீசியம் ஹைட்ராக்சைடும் சேர்ந்திருக்கும். அலுமினியம் மலத்தைக் கட்டும், மெக்னீசியம் இளக்கும். ஒன்றை ஒன்று ஈடுகட்டத்தான் இரண்டையும் சேர்க்கிறார்கள். சில நிமிடங்களில் எரிச்சல் அடங்கும். வெறும் வயிற்றில் குடித்தால் மருந்தும் சீக்கிரமே குடலுக்கு இறங்கிவிடும், அரை மணி, ஒரு மணிக்குள் பழைய கதை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் இரண்டு மூன்று மணி நேரம் நிற்கும். பாட்டிலைக் குலுக்காமல் ஊற்றினால் மேலே நிற்கும் தண்ணீர்தான் வயிற்றுக்குப் போகும், மருந்து அடியிலேயே கிடக்கும். தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் ஆகியவற்றைக் குடலில் உறிஞ்ச விடாமல் இது பிடித்துவைத்துக்கொள்ளும். ஆகவே குறைந்தது இரண்டு மணி இடைவெளி, தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அலுமினியமும் மெக்னீசியமும் உடம்பில் தங்கிவிடும். அவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

தண்ணீரில் போட்டால் பொங்கும் ஃப்ரூட் சால்ட் வேறு சங்கதி. அது சமையல் சோடா வகை. அமிலத்தோடு சேர்ந்து கரியமில வாயுவை விடும், ஏப்பம் வரும், “கேஸ் போயிடுச்சு” என்று தோன்றும். போன வாயுவில் ஒரு பங்கு அந்தப் பாக்கெட்டே கொண்டுவந்தது. ஐந்து கிராம் பாக்கெட் ஒன்றில் 800 மி.கி.க்கு மேல் சோடியம் இருக்கிறது. ஒரு நாள் முழுவதற்கும் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்சவரம்பே 2,000 மி.கி. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, ஊறுகாயையும் நிறுத்திவிட்டு, தினமும் இதைக் குடிப்பதில் அர்த்தமில்லை.

அடுத்தது ஹிஸ்டமின் சுவிட்சை மட்டும் அணைக்கும் மருந்து. பெயர் ‘டிடின்’ என்று முடிந்தால் இந்த இனம்: ரானிடிடின், ஃபாமோடிடின். இந்த வழியைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு மணி நேரத்தில் வேலை தொடங்கும், இரவு நேர அமிலத்துக்கு நல்லது. தொடர்ந்து சாப்பிட்டால் ஓரிரு வாரத்தில் உடம்பு பழகிப்போய் வீரியம் குறையும். மற்ற இரண்டு சுவிட்சும் இருக்கின்றனவே. ரானிடிடினில் என்.டி.எம்.ஏ. என்ற, புற்றுநோய்க்குக் காரணமாகலாம் எனக் கருதப்படும் பொருள் உருவாவது தெரிந்ததும் 2020-இல் அமெரிக்கா அதைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறச் சொன்னது. இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து 2022-இல் அது நீக்கப்பட்டது. இந்த இனம் வேண்டுமென்றால் இன்று ஃபாமோடிடின் இருக்கிறது.

மோட்டாரையே மடக்கும் மருந்து

பெயர் ‘ப்ரசோல்’ என்று முடிந்தால் மோட்டாரில் நேரடியாகக் கைவைப்பது: ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல், ரபெப்ரசோல், எசோமெப்ரசோல். நம் வீடுகளில் அதிகம் புழங்குவதும், அதிகம் தப்பாகச் சாப்பிடப்படுவதும் இதுதான்.

இதன் பயணம் விசித்திரமானது. மாத்திரை இரைப்பையில் கரையக்கூடாது. கரைந்தால் அமிலமே அதை அழித்துவிடும், அதனால்தான் மேலே ஒரு பூச்சு. குடலில் கரைந்து, ரத்தத்தில் ஏறி, சுற்றி வளைத்து அமிலச் செல்லுக்கு வரும். அங்கே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால், அந்த இடத்து அமிலம் பட்டு மருந்து விழித்தெழுந்து மோட்டாரோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது கழலாது. மோட்டார் ஓடாமல் சும்மா கிடந்தால் மருந்து வந்த வழியே போய்விடும். ரத்தத்தில் அது நிற்பது ஒன்றிரண்டு மணி நேரம்தான்.

இதிலிருந்தே விதிகள் தானாக வருகின்றன. சாப்பாடு விழும்போதுதான் மோட்டார்கள் ஓடும். ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி முன்னதாக மாத்திரை போனால், மோட்டார் கிளம்பும் நேரமும் மருந்து ரத்தத்தில் நிறைந்திருக்கும் நேரமும் பொருந்தும். காலையில் எழுந்ததும் தண்ணீரோடு மாத்திரை, அரை மணி கழித்து டீ, பிறகு இட்லி. இட்லியோடு சேர்த்து விழுங்குவதும், இரவு சாப்பிட்டுவிட்டுப் படுக்கும்போது போடுவதும் மருந்தின் பெரும்பகுதியை வீணாக்குவது. மென்றாலோ பொடி செய்தாலோ பூச்சு போச்சு. விழுங்க முடியாதவர்களுக்குக் காப்ஸ்யூலைத் திறந்து உள்ளே இருக்கும் குருணையை நசுக்காமல் கொடுக்க வழி உண்டு. எந்தக் காப்ஸ்யூலுக்கு அது சரிவரும் என்று மருந்தாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் நாளே எல்லா மோட்டாரும் ஓடிக்கொண்டிருக்காது, செல்லுக்குள் புது மோட்டார்களும் தயாராகிக்கொண்டே இருக்கும். அதனால் முழுப் பலன் தெரிய மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். “நேத்து ஒண்ணு போட்டேன், ஒண்ணும் ஆகலை” என்று மருந்தை மாற்றுவதில் பயனில்லை. உடனே எரிச்சல் அடங்க வேண்டுமென்றால் அதற்கு ஆன்டாசிட்.

முன்சிறுகுடல் புண்ணுக்கு வழக்கமாக நான்கு வாரம், இரைப்பைப் புண்ணுக்கும் எதுக்களிப்புக்கும் எட்டு வாரம் வரை. அப்புறம் நிறுத்திப் பார்க்க வேண்டும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மோட்டார் மடங்கிக் கிடக்கும் மாதங்களில் உடம்பு சும்மா இருப்பதில்லை. அமிலம் போதவில்லை என்று காஸ்ட்ரினைக் கூட்டிக்கொண்டே போகும், அமிலம் சுரக்கும் ஏற்பாடும் பெருகும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் அத்தனையும் ஒன்றாகக் கிளம்பும். வயிற்றில் எந்த நோயும் இல்லாத ஆட்களுக்கு எட்டு வாரம் கொடுத்து நிறுத்திப் பார்த்தபோது அவர்களில் பலருக்குப் புதிதாக நெஞ்செரிச்சல் வந்தது. “நிறுத்தினா தாங்கலை, எனக்கு ஆயுசுக்கும் வேணும்” என்று முடிவு செய்வதற்கு முன் அந்த இரண்டு மூன்று வாரத்தைத் தாண்டிப் பார்க்க வேண்டும். அளவைப் பாதியாக்கி, பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள், நடுவில் எரிந்தால் ஆன்டாசிட் அல்லது ஃபாமோடிடின் என்று இறங்கினால் எளிது. ஆனால் இதயத்துக்காக ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்துச் சாப்பிடுபவர்கள், ரத்தக்கசிவு வந்த அல்சர்காரர்கள் ஆகியோருக்கு இந்த மாத்திரை ஒரு காவல். அவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்தக்கூடாது. குளோபிடோக்ரெல் சாப்பிடுபவருக்கு ஒமெப்ரசோலும் எசோமெப்ரசோலும் ஒத்துவராது, அந்த மருந்து ஈரலில் வீரியம் பெறுவதை அவை தடுக்கும். பான்டோப்ரசோலில் அந்தத் தொல்லை குறைவு.

அமிலம் நமக்குச் சும்மா தரப்படவில்லை. உணவிலிருந்து பி12-ஐப் பிரித்தெடுக்க, இரும்பைக் கரைக்க, வாய்வழி வரும் கிருமியைக் கொல்ல அது வேண்டும். வருடக்கணக்கில் அதை அடைத்தால் பி12 குறையும், குடல் தொற்றுக்கு வாய்ப்பு கூடும். சர்க்கரைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மினும் பி12-ஐக் குறைப்பது. இரண்டையும் வருடக்கணக்கில் சாப்பிடுபவருக்குக் கால் மரத்துப்போனால் “சர்க்கரை நரம்பைத் தின்னுது” என்று விட்டுவிடாமல் ஒருமுறை பி12 பார்த்துவிட வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் சாப்பிடும் சிலருக்கு மெக்னீசியம் இறங்கி தசை இழுப்பு, படபடப்பு வரும். இவையெல்லாம் ஊகிக்கக்கூடியவை. ஊகிக்க முடியாத ஒன்றும் உண்டு: ஒவ்வாமை போலச் சிறுநீரகம் வீங்குவது. அரிது, ஆனால் அளவைப் பொறுத்து வருவதல்ல. காய்ச்சல், தோல் தடிப்பு, சிறுநீர் குறைவு என்றால் உடனே காட்ட வேண்டும்.

ஒரே ஆள் இரண்டு டாக்டரிடம் போனால் இரண்டு சீட்டிலும் ஒவ்வொரு ‘ப்ரசோல்’ இருக்கும், பிராண்டு பெயர் மட்டும் வேறு. அட்டையின் பின்னால் உள்ள சிறிய எழுத்தைப் படிக்கும் பழக்கம் இருந்தால் இது அகப்பட்டுவிடும். இன்னொரு விஷயம், ஆம்பூரில் இரவு பதினோரு மணிக்கு பிரியாணியும் கத்தரிக்காயும் வெளுத்துக் கட்டிவிட்டு நேராகப் படுக்கையில் விழுந்தால், எந்த ப்ரசோலும் எதுக்களிப்பை முழுக்கத் தடுக்காது. அது அமிலத்தைத்தான் குறைக்கும், மேலே வருவதை நிறுத்தாது. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி வேண்டும்.

மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் வகை மாத்திரை தினமும் சாப்பிட்டுக்கொண்டே அல்சருக்கு மருந்து தேடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது மாதிரி. வலியைக் கிளப்பும் அதே பொருள்தான் இரைப்பையின் உள்பூச்சையும் காக்கிறது, வலி மாத்திரை இரண்டையும் சேர்த்து நிறுத்துகிறது. ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியால் வந்த புண் என்றால் ப்ரசோலோடு இரண்டு ஆன்டிபயாடிக்காவது சேர்த்து வழக்கமாக 14 நாள். வாயில் உலோகக் கசப்பு வருகிறது என்று எட்டாம் நாளில் நிறுத்தினால் மிஞ்சிய கிருமி அந்த மருந்துக்கு அடங்காததாகிவிடும். மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, ரத்த வாந்தி, காரணமில்லாத எடைக் குறைவு, சோறு தொண்டைக்குக் கீழே சிக்குவது என்றாலோ மாத்திரையை மாற்றிப் பார்க்கும் கட்டம் தாண்டிவிட்டது, எண்டோஸ்கோப்பி வேண்டும். இரும்பு மாத்திரையும் பிஸ்மத்தும்கூட மலத்தைக் கறுப்பாக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பெயருக்குப் பின்னால் வரும் எழுத்து

பிராண்டு பெயருக்குப் பின் ‘டி’ அல்லது ‘டிஎஸ்ஆர்’ என்று இருந்தால் ப்ரசோலோடு டோம்பெரிடோன் சேர்ந்திருக்கிறது. ‘எல்’ அல்லது ‘எல்எஸ்’ என்றால் பெரும்பாலும் லெவோசல்பிரைடு. சும்மா நெஞ்செரிச்சலுக்கு இந்த இரண்டாம் மருந்து பலருக்குத் தேவையே இல்லை என்பது எங்கள் கருத்து. ஒரு மாத்திரைக்கு இரண்டு மருந்து என்பது லாபம் போலத் தெரியும், பக்கவிளைவும் இரண்டு மருந்துக்கு உரியது.

டோம்பெரிடோன் டோபமைன் என்ற பொருளின் வாயை அடைத்து இரைப்பையைக் கீழ்நோக்கித் தள்ளவைக்கும், குமட்டலை அடக்கும். டோபமைன் வேறு வேலைகளும் செய்கிறது. தாய்ப்பாலுக்கான புரோலாக்டினைக் கட்டுக்குள் வைப்பது அதுதான். அதை அடைத்தால் மாதவிலக்கு தள்ளிப்போகலாம், குழந்தை பெறாத பெண்ணுக்குப் பால் கசியலாம், ஆணுக்கு மார்பு வீங்கலாம். இதயத் துடிப்பின் மின் ஓட்டத்தையும் டோம்பெரிடோன் நீட்டும். அதனால்தான் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-இல் இதை நாளுக்கு 30 மி.கி.க்கு மிகாமல், பொதுவாக ஒரு வாரத்துக்குள் முடிக்கச் சொன்னது. நம் ‘டிஎஸ்ஆர்’ காப்ஸ்யூல் ஒன்றிலேயே வழக்கமாக 30 மி.கி. இருக்கிறது, அதை மாதக்கணக்கில் சாப்பிடுகிறோம். கிளாரித்ரோமைசின் (ஆன்டிபயாடிக்), ஃப்ளுகோனசோல் (பூஞ்சைத் தொற்றுக்கான மருந்து) போன்றவை டோம்பெரிடோன் உடம்பிலிருந்து கழிவதைத் தடுக்கும். சேர்ந்து வந்தால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

இதே போல டோபமைனை அடைக்கும் மெட்டோக்ளோபிரமைடும் (வாந்திக்குக் கொடுப்பது) லெவோசல்பிரைடும் மூளைக்குள்ளும் நுழையும். மெட்டோக்ளோபிரமைடு போட்ட சில மணி நேரத்தில், முக்கியமாகச் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும், கழுத்து ஒரு பக்கம் முறுக்கி, கண் மேலே செருகலாம். வலிப்பு என்று பயப்படுவார்கள், மந்திரிக்கவும் கூட்டிப்போவார்கள். அது மருந்தின் வேலை, ஓர் ஊசியில் இறங்கிவிடும். லெவோசல்பிரைடு பெரியவர்களிடம் மெதுவாக வேலையைக் காட்டும்: நடை தளரும், கை நடுங்கும், முகம் உறைந்தது போல இருக்கும். வயசாகிவிட்டது என்றோ பார்க்கின்சன் என்றோ புது மாத்திரை தொடங்குவதற்கு முன் வயிற்று மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நிறுத்தினால் வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலும் சரியாகும்.

வயிற்றுவலிக்குக் கொடுக்கும் டைசைக்ளோமின் அசிட்டைல்கோலினை அடைத்துக் குடலின் இழுப்பைத் தளர்த்தும். அதே அடைப்பு வாயை வறளவைக்கும், பார்வையை மங்கவைக்கும், புராஸ்டேட் வீங்கியவருக்குச் சிறுநீரை அடைக்கும். வியர்வையையும் குறைக்கும். கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும் நாளில் வெளிவேலை செய்பவருக்கு இது சின்ன விஷயமல்ல. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இதைக் கொடுக்கவே கூடாது. தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி வலது அடிவயிற்றுக்கு நகர்ந்தால் குடல்வால் அழற்சியாக இருக்கலாம், மாத்திரையால் அமுக்கக்கூடாது.

பேதி

பேதியில் ஆளைக் கொல்வது பேதி அல்ல, போன தண்ணீரும் உப்பும். பேதி போகும் குடலிலும் குளுக்கோசும் சோடியமும் கைகோத்து உள்ளே நுழையும் வாசல் ஒன்று திறந்தே இருக்கிறது. அவை உள்ளே போனால் தண்ணீர் பின்னால் போகும். ஓ.ஆர்.எஸ். என்பது அந்த வாசலுக்கான அளவு. 2002-இல் திருத்திய உலக சுகாதார நிறுவன அளவில் ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். ருசிக்காகச் சர்க்கரையைக் கூட்டினால் அது குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியை அதிகமாக்கும். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் குழந்தையின் ரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பே வரலாம். 200 மி.லி. பாக்கெட்டும் விற்கிறது, எது என்று பார்த்துக் கரையுங்கள். கரைத்தது 24 மணி நேரத்துக்குத்தான். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மி.லி., பத்து வயது வரை 100 முதல் 200. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாக. பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய டீஸ்பூனால் ஆறு சர்க்கரை, அரை உப்பு. குழந்தைகளுக்குத் துத்தநாகம் 20 மி.கி. 14 நாள், ஆறு மாதத்துக்குட்பட்டவர்களுக்கு 10 மி.கி.

இந்த வட்டாரத்துக்குப் பேதி ஆராய்ச்சியில் தனி இடம் உண்டு. 1960-களின் தொடக்கத்தில் பழைய வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் ஸ்ப்ரூ என்ற, சத்து உறிஞ்சாத நோய் கொள்ளைநோய் போலப் பரவியதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து பேக்கரும் மாத்தனும் பின்தொடர்ந்து பதிவு செய்தார்கள். எளிதில் செரிக்காத மாவுச்சத்தை ஓ.ஆர்.எஸ்.ஸில் சேர்த்தால் காலராப் பேதி குறைகிறது என்று 2000-இல் வெளியான ஆய்வும் இதே ஊரிலிருந்து வந்தது: பெருங்குடல் பாக்டீரியா அந்த மாவைப் புளிக்கவைத்து உண்டாக்கும் அமிலங்கள் அங்கேயும் உப்பையும் தண்ணீரையும் உறிஞ்சவைக்கின்றன. நீராகாரம் ஓ.ஆர்.எஸ்.ஸுக்குச் சமம் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள், அதில் உப்பு அளவு யார் கையில் என்பது நமக்குத் தெரியும்.

லோப்பரமைடு அபின் இனத்து மருந்து, ஆனால் மூளைக்கு ஏறாமல் குடலோடு நின்றுவிடுவது. குடலின் நடையை நிறுத்தும், கிருமியைக் கொல்லாது. பெரியவருக்கு முதலில் 4 மி.கி., பிறகு ஒவ்வொரு முறைக்கும் 2. டாக்டர் சொல்லாமல் நாளுக்கு 8-ஐத் தாண்டக்கூடாது. பஸ் பயணத்துக்கு உதவும். காய்ச்சலோ ரத்தமோ சளியோ இருந்தால் வேண்டாம், வெளியேற வேண்டியதை உள்ளே பூட்டியதாகும். சின்னக் குழந்தைகளுக்கும் கூடாது.

மலச்சிக்கல்

இசப்கோல் தண்ணீரைக் குடித்து உப்பிப் பெருகும் நார். நிறையத் தண்ணீர் குடிக்காமல் விழுங்கினால் தொண்டையிலோ குடலிலோ கட்டியாக நின்றுவிடும். லாக்டுலோஸ் செரிக்காத சர்க்கரை, தண்ணீரைக் குடலில் பிடித்துவைக்கும். பலன் தெரிய ஒன்று இரண்டு நாள் ஆகும். பாக்டீரியா அதைப் புளிக்கவைப்பதால் உப்புசமும் வாய்வும் கூடவே வரும். நிலாவாரை மூலிகைதானே என்று தினமும் சாப்பிடுபவர்கள் உண்டு. மாத்திரையாக வரும் சென்னாவும் அந்த இலைதான், குடலைக் கிள்ளி ஓடவைப்பது. அதிகமானால் வயிறு முறுக்கும், பொட்டாசியம் இறங்கும். பிசகோடில் இரவு போட்டால் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில், அதாவது காலையில் வேலை செய்யும். அதற்கும் மேலே ஒரு பூச்சு இருக்கிறது, குடலில்தான் கரைய வேண்டும். ராத்திரி பாலோடு விழுங்கினாலோ ஆன்டாசிட் குடித்த கையோடு போட்டாலோ இரைப்பையிலேயே பூச்சு கரைந்து, விடியும் முன்னே வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டியிருக்கும்.